தட்டு மறையும் ஆழம்

இருபது சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டத் தகடு. அதை நான்காகப் பிரித்து, எதிரெதிர்க் கால்பங்குகளில் கறுப்பும் வெள்ளையும் பூசியிருப்பார்கள். நடுவில் ஒரு துளை, துளையில் கட்டிய கயிறு, அடியில் ஒரு எடை. கயிற்றில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு குறி. அவ்வளவுதான் கருவி. பேட்டரி கிடையாது, வில்லை கிடையாது, பழுது பார்க்க ஆள் கூப்பிட வேண்டியதில்லை. தட்டைத் தண்ணீருக்குள் மெதுவாக இறக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் போகும் இடத்தில் கயிற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டு மேலே இழுத்தால் ஓரிடத்தில் தட்டு திரும்பவும் கண்ணில் படும். அதையும் குறித்து, இரண்டுக்கும் சராசரி எடுத்தால் அந்த நீர்நிலையின் செக்கி ஆழம் கிடைத்துவிடும்.

மீன்வளம் படித்தவர்களும் இறால் பண்ணைக்காரர்களும் இதை 'செக்கி டிஸ்க்' என்பார்கள். வயது நூற்று அறுபது. செயற்கைக்கோள்கள் கடலின் நிறத்தைப் படம் எடுத்து அனுப்பும் காலத்திலும் இந்தத் தட்டுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. போப்பாண்டவரின் போர்க்கப்பலில் தொடங்கிய அதன் பயணம் குடிநீர் ஆய்வகம், மீன்பண்ணை, துருவக் கடல், கேரளத்துக் காயல் என்று நீண்டிருக்கிறது. அடுத்து அது போய்ச் சேர வேண்டிய இடம், திருவள்ளூர் மாவட்டத்துத் திருநின்றவூர் ஏரிக்கரை போன்ற ஓர் இடத்தில், நாளைக்கு உயிரியல் பாடம் நடத்தப் போகும் ஒரு பி.எட். மாணவியின் கை.

போப்பாண்டவரின் கப்பல்

செக்கி என்பது ஒரு பாதிரியாரின் பெயர். ஆஞ்சலோ செக்கி, 1818இல் இத்தாலியின் ரெஜியோ எமிலியாவில் பிறந்தவர், இயேசு சபைத் துறவி. ரோமில் வானாய்வகத்துக்குத் தலைவராக இருந்தார். நட்சத்திரங்களின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, அதை வைத்து அவற்றை வகைப்படுத்திய முன்னோடிகளில் ஒருவர். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரைக் கடலுக்குள் பார்க்கவைத்தவர், போப்பின் சிறிய கடற்படைக்குத் தலைமை வகித்த அலெஸ்ஸாந்த்ரோ சியால்டி. கடல் எவ்வளவு ஆழம் வரை தெளிவாகத் தெரிகிறது என்பதை ஒழுங்காக அளந்து பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

1865 ஏப்ரலில் சிவித்தாவெக்கியா துறைமுகத்துக்கு அப்பால், அமலோற்பவ மாதாவின் பெயர் தாங்கிய போப்பின் நீராவிக் கப்பலில் அந்தச் சோதனை நடந்தது. இரும்பு வளையத்தில் பாய்த்துணியை இழுத்துக் கட்டி வெள்ளை பூசிய பெரிய தட்டு ஒன்று, சிறிய பீங்கான் தட்டுகள், வேறு நிறம் பூசியவை என்று பலவற்றை மாற்றி மாற்றி இறக்கினார்கள். இவர்கள்தான் முதல் என்று சொல்ல முடியாது. ஓட்டோ ஃபான் கோட்செபூ என்ற மாலுமி 1817இலேயே 'ருரிக்' என்ற ரஷ்யக் கப்பலிலிருந்து துணியையும் தட்டையும் இறக்கிப் பார்த்திருக்கிறார். மாலுமிகளுக்கு அது வெகுகாலமாகத் தெரிந்த வேடிக்கை.

செக்கி அந்த வேடிக்கையை அளவையாக மாற்றினார். தட்டு பெரிதானால் விடை மாறுகிறதா? நிறம் மாறினால்? சூரியன் உச்சியில் இருக்கும்போதும் சாய்ந்திருக்கும்போதும் ஒரே ஆழமா? மேகம் மூடினால்? கப்பலின் நிழலில் பார்ப்பதும் வெயிலில் பார்ப்பதும் ஒன்றா? இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார். நட்சத்திரத்தைப் பார்ப்பவர் தன் தொலைநோக்கியையும் வளிமண்டலத்தையும் தன் கண்ணையும் சந்தேகப்பட்டே ஆக வேண்டும். அந்தத் தொழிலின் பழக்கத்தைத்தான் அவர் கடலுக்குக் கொண்டுவந்தார். தட்டுக்கு அவர் பெயர் நிலைத்ததற்கு அதுவே நியாயம்.

 

தட்டு மறையும் ஆழத்துக்குக் கீழே இருட்டு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. தட்டில் பட்டுத் திரும்பும் ஒளிக்கும் சுற்றியுள்ள தண்ணீரின் ஒளிக்கும் வேறுபாடு இருக்கும் வரைதான் கண்ணால் தட்டைப் பிரித்தறிய முடியும். தண்ணீரில் மிதக்கும் மண்ணும் பாசியும் ஒளியைச் சிதறடிக்கச் சிதறடிக்க அந்த வேறுபாடு குறைந்து, ஓர் ஆழத்தில் கண்ணின் எல்லைக்குக் கீழே போய்விடுகிறது. ஒளி அதையும் தாண்டிப் போகும். பொதுவாக, செக்கி ஆழத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் வரை தாவரங்கள் ஒளிச்சேர்க்கை செய்யும் அளவுக்கு வெளிச்சம் இருக்கும். 1929இல் பூல், அட்கின்ஸ் என்ற இருவர் இங்கிலாந்தின் பிளிமத் கடலில் ஒளிமானியையும் தட்டையும் ஒருசேர இறக்கி ஒப்பிட்டு, 1.7 என்ற எண்ணைச் செக்கி ஆழத்தால் வகுத்தால் தண்ணீர் ஒளியை விழுங்கும் வேகம் கிடைக்கும் என்று காட்டினார்கள். கயிற்றில் இருந்த முடிச்சு இயற்பியல் சூத்திரத்துக்குள் நுழைந்தது அப்படித்தான்.

குடிநீருக்கு வந்த தட்டு

செக்கியின் தட்டு முழு வெள்ளை. அதற்குக் கறுப்புப் பூசியவர் ஜார்ஜ் விப்பிள் என்ற அமெரிக்கர். பாஸ்டன் நகரத்துக் குடிநீரை நுண்ணோக்கியில் பார்ப்பது அவர் வேலை. நீர்த்தேக்கத்தில் பாசி பெருகினால் குழாய்த் தண்ணீரில் மீன்வாடையும் மண்வாடையும் வரும், ஊர் சண்டைக்கு வரும். எந்த ஏரி எப்போது கெடப்போகிறது என்று முன்கூட்டித் தெரிய வேண்டும். 1899இல் வந்த அவருடைய குடிநீர் நுண்ணோக்கியியல் நூலில் எட்டங்குலத் தட்டும் கறுப்பு வெள்ளைக் கால்பங்குகளும் இருக்கின்றன. கறுப்பும் வெள்ளையும் அடுத்தடுத்து இருந்தால் மறையும் நொடி துல்லியமாகப் பிடிபடுகிறது. அதிலிருந்து தட்டுக்கு இரண்டு குடும்பங்கள் ஆயின. கடல்காரர்கள் பெரிய வெள்ளைத் தட்டோடு நின்றார்கள், ஏரிக்காரர்கள் விப்பிளின் தட்டை எடுத்துக்கொண்டார்கள்.

விப்பிளின் கவலை சென்னைக்குப் புதிதல்ல. 1872இல் செங்குன்றம் ஏரியிலிருந்து திறந்த வாய்க்கால் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் வந்தன. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் முடிந்தது. செங்குன்றம், சோழவரம், பூண்டி எல்லாம் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் இருப்பவை. இந்த மாவட்டத்து ஏரிகளில் பாசி பூத்தால் நகரத்தின் குழாயில் தெரியும் என்ற உறவு ஒன்றரை நூற்றாண்டாக இருக்கிறது. திருநின்றவூர் ஏரி அந்தக் குடிநீர் வரிசையில் இல்லை. மழை பெய்தால் நிரம்பி, மதகு வழியாக வயலுக்குப் போய், மிஞ்சியது கலங்கலில் வழிந்து அடுத்த ஏரிக்குப் போன பாசன ஏரிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது.

தமிழ்நாட்டு நீர்நிலைகளை உயிரியலாகப் படித்தவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். எஸ்.வி. கணபதி, மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி எந்நாளும் பூத்தே கிடந்த ஒரு கோயில் குளத்தைப் பற்றி 1940இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதினார். பச்சைக் குழம்பாகக் கிடக்கும் தெப்பக்குளத்தை நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோவோம். அவர் அதை ஒரு சூழல் மண்டலமாகப் பார்த்தார். மீன்வளத் துறையில் இருந்த ஏ. ஸ்ரீனிவாசன் 1960களில் செங்கல்பட்டுக் கோட்டை அகழி, ஊட்டி ஏரி, கொடைக்கானல் ஏரி, கோயில் குளங்கள் என்று போய் அங்கே நடக்கும் ஒளிச்சேர்க்கையை அளந்தார். குளிர்நாட்டு ஏரிகளை வைத்து எழுதப்பட்ட பாடப்புத்தகங்களுக்கு நம்மூர்க் குளங்கள் பல இடங்களில் கட்டுப்படவில்லை. ஒரு சிறிய வெப்பமண்டலக் குளம் பெரிய ஏரிகளை மிஞ்சும் வேகத்தில் உயிர்ப்பொருளை உண்டாக்கும் என்பது இப்படிப்பட்ட ஆய்வுகளில்தான் தெளிவாயிற்று.

அதே வேகத்தை நம்பித்தான் மீன்பண்ணைகள் இருக்கின்றன. அங்கே தட்டு ஆராய்ச்சிக் கருவியாக இருப்பதில்லை, அன்றாடச் சாமான். குளத்தில் செக்கி ஆழம் முப்பதிலிருந்து நாற்பத்தைந்து சென்டிமீட்டருக்குள் இருந்தால் பண்ணைக்காரர் நிம்மதியாக இருப்பார். அறுபதைத் தாண்டினால் மீனுக்கு இரையாகும் மிதவை உயிரிகள் குறைவு, அடியில் களை முளைக்கும், உரம் போட வேண்டும். இருபதுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. பகலெல்லாம் ஆக்சிஜனைக் கொட்டும் பாசி, இரவெல்லாம் அதையே உறிஞ்சும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, பழவேற்காடு பக்கம் இறால் வளர்க்கிறார்கள். ஆக, இந்த மாவட்டத்துக்குத் தட்டு எப்போதோ வந்துவிட்டது. பள்ளிக்கூட வாசலில்தான் தயங்கி நிற்கிறது.

எண்ணும் சண்டையும்

1977இல் ராபர்ட் கார்ல்சன் என்ற அமெரிக்க ஏரியியலாளர் தட்டின் அளவை ஒரு குறியீட்டு எண்ணாக மாற்றினார். ஒரு மீட்டர் என்றால் 60, அரை மீட்டர் என்றால் 70, கால் மீட்டர் என்றால் 80. தெளிவு பாதியாகும்போதெல்லாம் எண் பத்து ஏறும். எண் ஏற ஏற ஏரியில் ஊட்டச்சத்தும் பாசியும் கூடுதல் என்று பொருள். சாமானியருக்கும் புரிகிற கணக்கு என்பதால் அது பரவிற்று. 1994இல் கார்ல்சனே ஏரிக்கரைவாசிகளைத் திரட்டி, ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் எல்லோரும் தத்தம் ஏரியில் தட்டை இறக்கி அளவை அனுப்பும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார்.

ஆனால் அந்தக் கணக்கு ஒரு நிபந்தனையோடு வருகிறது. தண்ணீரை மங்கவைப்பது பாசியாக இருக்க வேண்டும். மண்ணாக இருந்தால் கணக்கு பொய்த்துவிடும். கார்ல்சன் இதை அறிந்தே எழுதினார், எடுத்தாண்டவர்களில் பலர் மறந்தார்கள்.

தட்டின் வாழ்க்கையில் பெரிய சண்டை 2010இல் வந்தது. டேனியல் பாய்ஸ், மார்லன் லூயிஸ், போரிஸ் வோர்ம் ஆகிய மூவர் 1899 முதல் உலகக் கடல்களில் எடுத்த செக்கி அளவுகளையும் நேரடியாக எடுத்த பச்சைய அளவுகளையும் சேர்த்து, கடலின் மிதவைப் பாசி ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைந்து வந்திருக்கிறது என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். உலகச் செய்தித்தாள்களில் அது தலைப்பானது. மறு ஆண்டே அதே இதழில் எதிர்ப்புகள் வந்தன. தட்டை வைத்துக் கணக்கிட்ட பச்சையத்தையும் நீரை எடுத்து நேரடியாக அளந்த பச்சையத்தையும் ஒரே வரிசையில் கோத்ததே அந்தச் சரிவைப் போலியாக உண்டாக்கியிருக்கலாம் என்பது எதிர்த்தவர்களின் வாதம். மூவரும் பதில் சொன்னார்கள், கணக்கை மறுபடி செய்தார்கள். கப்பல்களிலிருந்து இறக்கிய தட்டின் பழைய குறிப்புகள் இருந்ததால்தான் இப்படி ஒரு வாதமே சாத்தியமாயிற்று. ஒளிமின்கருவிகள் வருவதற்கு முந்தைய கடலைப் பற்றி நமக்கு இருக்கும் சாட்சிகளில் தட்டு முக்கியமானது.

அதன் உச்ச சாதனை 1986 அக்டோபரில், அண்டார்டிகாவின் வெடல் கடலில். தட்டு கிட்டத்தட்ட 80 மீட்டர் ஆழத்தில் மறைந்தது. சுத்தமான தண்ணீரில் சாத்தியமான எல்லையே ஏறத்தாழ அவ்வளவுதான்.

வேம்பநாட்டு மாணவர்கள்

தென்னிந்தியாவில் இந்தத் தட்டு மாணவர் கைக்குப் போன நல்ல உதாரணம் கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் இருக்கிறது. காயலைச் சுற்றி வாழ்பவர்களுக்கு நீரால் பரவும் நோய்கள் தீராத தொல்லை. காலராவை உண்டாக்கும் விப்ரியோ வகைப் பாக்டீரியாக்கள் அங்கே எப்போது, எந்த நிலையில் பெருகுகின்றன என்று இந்திய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சேர்ந்து ஆராய்ந்தார்கள். கடல் நிறத்தைச் செயற்கைக்கோள் வழியாகப் படிப்பதில் உலகப் பெயர் பெற்ற சுபா சத்யேந்திரநாத்தும் ட்ரெவர் பிளாட்டும் அந்தக் குழுவில் இருந்தார்கள்.

மேலிருந்து படம் எடுக்கும் செயற்கைக்கோள் சொல்வது சரியா என்று சொல்ல, கீழே தண்ணீரில் ஒருவர் இருக்க வேண்டும். காயலோ பெரியது. ஆகவே மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்த, உள்ளங்கையில் அடங்கும் சிறிய செக்கித் தட்டு ஒன்றை அவர்களிடம் கொடுத்தார்கள். அதனோடேயே நீரின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிற வரிசை. ஜெனிவா ஏரியை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த ஃபொரெல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி, ஊலே விரித்த, நீலத்திலிருந்து பழுப்பு வரை போகும் அளவுகோல் அது. மாணவர்கள் ஆழத்தையும் நிற எண்ணையும் கைப்பேசிச் செயலியில் பதிந்தார்கள். அளவுகள் ஆய்வுக் கட்டுரையாகி 2021இல் வெளிவந்தன. வானியல் துறவியின் தட்டும் செயற்கைக்கோளும் ஒரே வேலையைப் பகிர்ந்துகொண்டன. இரண்டுக்கும் நடுவில் இருந்தது மாணவரின் கண்.

வகுப்பறையின் வாசல்

சுற்றுச்சூழல் கல்வி என்பது நம் நாட்டில் நீதிமன்றம் சொல்லி வந்த பாடம். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் அதைப் பள்ளி முதல் கல்லூரி வரை கட்டாயமாக்கச் சொன்னது. அதற்கு முன்பே 1977இல் ஜார்ஜியாவின் திபிலீசியில் யுனெஸ்கோ கூட்டிய மாநாடு, அறிவு மட்டும் போதாது, திறனும் பங்கேற்பும் வேண்டும் என்று கூறியிருந்தது. உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்ப நினைவூட்டிய பிறகு, பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த பொதுப் பாடத்திட்டம் இளநிலைப் படிப்புகளுக்கு வந்தது. அதில் மொத்தம் ஐம்பது வகுப்பு நேரம் இருந்தது. அதில் களப்பணிக்கு ஐந்து.

அந்த ஐந்தும் பல இடங்களில் எப்படிக் கழிந்தன என்பது படித்தவர்களுக்குத் தெரியும். அதைச் சொல்ல ஊர்ப் பெருமை ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். திருநின்றவூர் பூசலார் நாயனாரின் ஊர். கையில் காசில்லாத அவர் செங்கல்லும் மரமும் மனதிலேயே சேர்த்து, மனதிலேயே சிவனுக்குக் கோயில் கட்டி, குடமுழுக்குக்கும் நாள் குறித்தார். காஞ்சியில் கல்லால் கோயில் கட்டிய மன்னர் காடவர்கோனின் கனவில் இறைவன் வந்து, அந்த நாளில் தான் நின்றவூர் போக வேண்டும், உன் விழாவைத் தள்ளிவை என்றான் என்கிறது பெரிய புராணம். ரெக்கார்டு நோட்டில் 'களப்பயணம்' என்ற தலைப்பில் எழுதப்படும் பக்கங்களில் பாதி, பூசலார் கட்டிய கோயிலைப்போல மனதிலேயே எழும்பியவை. பக்திக்கு அது போதும். ஏரியை அளக்கப் போதாது.

இது மாணவர்களின் சோம்பலால் மட்டும் வந்த குறையல்ல. அவர்களுக்குக் கற்பித்தவர்களும் ஏரியை அளந்ததில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் குளம் ஒரு சூழல் மண்டலமாக வருகிறது. கரைப்பகுதி, ஒளி புகும் மேல்பகுதி, ஒளி புகாத ஆழ்பகுதி என்று அழகான படம். அந்தப் படத்தைக் கரும்பலகையில் வரையும் ஆசிரியர், தன் ஊர் ஏரியில் ஒளி எவ்வளவு ஆழம் போகிறது என்று ஒருநாளும் பார்த்திராவிட்டால், பிள்ளைகளுக்குக் கொடுக்க அவரிடம் இரண்டே சொற்கள்தான் மிஞ்சும்: சுத்தம், மாசு. இரண்டும் தீர்ப்புகள். உயிரியல் தீர்ப்பில் தொடங்குவதில்லை.

அதனால்தான் ஆசிரியராகப் போகிறவருக்கு இந்தத் தட்டு. விலையுயர்ந்த கருவி ஓர் எண்ணைக் காட்டும், மாணவர் அதை எழுதிக்கொள்வார். இந்தத் தட்டில் எண்ணை உண்டாக்குவது கண். ஒருத்தி முப்பத்திரண்டு என்பாள், பக்கத்தில் இருப்பவன் இருபத்தெட்டு என்பான். யார் சரி என்று வாதம் வரும். மூக்குக்கண்ணாடி, மேகம், அலை, நிழல், இறக்கிய வேகம் என்று காரணங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். செக்கி கப்பலில் கேட்ட கேள்விகளை யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர்கள் கேட்பார்கள். பிழை என்பது ஒளிக்க வேண்டிய அவமானமில்லை, குறித்துவைக்க வேண்டிய தகவல் என்ற ஒரு பாடத்தை இதைவிட மலிவாக நடத்த முடியாது.

ஏரிக்கரையில்

திருநின்றவூர் ஏரியை ஈசா ஏரி என்றும் சொல்வார்கள். வயல்கள் மனைகளாகிவிட்ட ஊரில் இன்னும் விரிந்து கிடக்கும் பெரிய நீர்ப்பரப்பு. வடகிழக்குப் பருவமழை கொட்டினால் ஏரியையொட்டிய தெருக்களில் தண்ணீர் நிற்பதும் அது செய்தித்தாளில் வருவதும் வழக்கம். இங்கே தட்டை இறக்க என்ன வேண்டும்?

வாங்க வேண்டியது அதிகமில்லை. உபயோகம் முடிந்த குறுந்தகட்டில் வெள்ளைப் பெயிண்ட் அடித்து, இரண்டு கால்பங்குக்குக் கறுப்பு. அடியில் இரண்டு கனமான போல்ட் நட்டு. நைலான் கயிறு நனைந்தால் நீளும், அதனால் கயிற்றுக்குப் பதில் தையற்காரர் டேப். நூற்றைம்பது சென்டிமீட்டர் டேப், நம்மூர் ஏரியின் கலங்கிய நீருக்குத் தாராளம். காலை பத்திலிருந்து மதியம் இரண்டுக்குள் அளக்க வேண்டும், கூலிங் கிளாஸ் போடக்கூடாது. ஏரியின் ஓரம் சேறு, நீச்சல் தெரிந்தவரையும் பிடித்து இழுக்கும். மதகுப் படியிலிருந்தோ கரையிலிருந்து நீட்டிய கழியின் நுனியிலிருந்தோதான் இறக்க வேண்டும். தட்டு மறைவதற்கு முன்பே தரை தட்டினால், 'தரை தெரிந்தது, ஆழம் இவ்வளவு' என்று எழுத வேண்டும். அதுவும் ஓர் அளவுதான்.

நவம்பரில், மழைக்கு மறுநாள், தட்டு இருபது சென்டிமீட்டரில் மறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரலில் இறக்கினாலும் அதே இருபது. ஒரே எண், ஒரே ஏரி. ஆனால் நவம்பரில் தண்ணீர் பழுப்பு, வரத்துக்கால் கொண்டுவந்த வண்டல். ஏப்ரலில் பச்சை, சுருங்கிய நீரில் பெருகிய பாசி. இரண்டையும் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஓர் இரவு அசைக்காமல் வைத்தால் காலையில் கதை தெரிந்துவிடும். மண் என்றால் பெரும்பகுதி அடியில் படிந்திருக்கும். மைக்ரோசிஸ்டிஸ் போன்ற பாசி என்றால் மேலே ஏடு கட்டி நிற்கும். அதன் உயிரணுக்களுக்குள் நுண்ணிய வாயுப்பைகள் இருக்கின்றன, வெளிச்சத்தை நோக்கி மேலே மிதந்து வர அவை உதவுகின்றன. கணபதி எழுதிய கோயில் குளத்தின் உயிரினம் இங்கே வகுப்பறை ஜன்னலில் உட்கார்ந்திருக்கும். ஓர் எண்ணுக்குப் பின்னால் எதிரெதிரான இரண்டு காரணங்கள் இருக்க முடியும் என்று அப்போது பிடிபடும்.

அடுத்து, பாடப்புத்தகப் படத்துக்கு வரலாம். ஏரியின் ஆழம் ஒன்றரை மீட்டர், தட்டு மறைவது இருபதில் என்றால் ஒளி பயன்படும் ஆழம் சுமார் அரை மீட்டர்தான். அதற்குக் கீழே ஒரு மீட்டர் தண்ணீர், தாவரம் பிழைக்க வழியில்லாத இருட்டு. 'ஒளி புகாத பகுதி' ஆழமான ஏரிகளுக்கு மட்டும் என்று மனப்பாடம் செய்தது ஆட்டம் காணும். ஆழம் குறைந்த ஏரிகள் இரண்டு நிலைகளில் நிலைபெறக்கூடியவை என்று 1993இல் மார்ட்டன் ஷெஃபரும் அவர் குழுவினரும் எழுதினார்கள். நீருக்கடியில் செடிகள் நிறைந்த தெளிந்த நிலை ஒன்று, செடியில்லாமல் பாசி பிடித்த கலங்கிய நிலை ஒன்று. செடி இருந்தால் வண்டல் அடங்கும், தெளிவு கூடும், செடி மேலும் வளரும். செடி போனால் எல்லாம் தலைகீழ். கழிவுநீர் மெதுவாகச் சேரச் சேர ஏரி நெடுநாள் தாங்கி, ஒரு கட்டத்தில் சட்டென்று மறுபக்கம் சாயும். பிறகு கழிவுநீரை ஓரளவு குறைத்தாலும் எளிதில் திரும்பாது.

தட்டு பொய் சொல்லும் இடத்தையும் காட்ட வேண்டும். ஆகாயத்தாமரை மூடிய மூலையில் இலைகளை விலக்கித் தட்டை இறக்கினால், திறந்தவெளியைவிடத் தெளிவாக இருக்கக்கூடும். நிழலில் பாசி வளராது, காற்று அலைக்காததால் வண்டல் கிளம்பாது. அதே இடத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கக்கூடும். தெளிந்த நீர் நல்ல நீர் என்ற நம்பிக்கை அங்கே உடையும். கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் பாடம் நடத்தப் போகிறவருக்கு இது இன்னும் அவசியம். கரைந்த உப்பும் கரைந்த உலோகமும் தட்டை மறைப்பதில்லை. தட்டு நன்றாகத் தெரிந்தது, ஆகவே தண்ணீர் பாதுகாப்பானது என்று ஒரு மாணவன் எழுதினால் அதற்குப் பொறுப்பு அவனுக்குத் தட்டைக் கொடுத்த ஆசிரியர். ஒரு கருவி எதை அளக்காது என்று தெரிந்தவருக்குத்தான் அந்தக் கருவி தெரியும்.

பி.எட். இப்போது இரண்டாண்டுப் படிப்பு. எந்த ஆண்டிலும் கல்லூரியில் மூத்த அணி ஒன்று, இளைய அணி ஒன்று. மாதம் ஒருநாள், ஒரே மதகுப் படியில், ஒரே நேரத்தில் அளந்து, தேதி, ஆழம், நிறம், வானம், அளந்தவர் பெயர் என்று ஒரே நோட்டில் எழுதி, மூத்தவர்கள் இளையவர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனால் பத்தாண்டில் நூற்றிருபது அளவுகள். கருவி ஒன்றும் பெரிதில்லை, ஆளும் ஒருவரில்லை. ஆனாலும் அது ஆராய்ச்சி. 1899 முதலான குறிப்புகள் 2010இல் ஒரு சண்டைக்குப் பயன்பட்டதற்குக் காரணம், அவற்றை எழுதியவர்கள் பெரிய மேதைகளாக இருந்தது அல்ல, எழுதிவைத்ததுதான். ஆய்வகம் நிதி தீர்ந்தால் மூடப்படும், திட்டம் மூன்றாண்டில் முடியும். ஆசிரியர் கல்லூரிக்கு ஆண்டுதோறும் புது மாணவர்கள் வருவார்கள். ஏரியைத் தொடர்ந்து கவனிக்க இவ்வளவு பொருத்தமான நிறுவனம் வேறில்லை.

படிப்பு முடிந்ததும் அவர்கள் சிதறுவார்கள். ஒருத்தி ஊத்துக்கோட்டையில், ஒருவன் பள்ளிப்பட்டில், இன்னொருத்தி கும்மிடிப்பூண்டியில். ஒவ்வொரு பள்ளிக்கும் அருகில் ஏதோ ஓர் ஏரியோ குட்டையோ இருக்கும். திருநின்றவூரில் இருபதில் மறைந்தது அங்கே அறுபதில் மறையலாம், ஐந்தில் மறையலாம். ஏன் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்கும். புத்தகத்தில் விடை இருக்காது. ஆசிரியர் அதை அப்படியே ஒப்புக்கொண்டு, அடுத்த மாதமும் அளப்போம், பாட்டிலில் பிடித்து வைப்போம், நோட்டில் எழுதுவோம் என்று சொல்லத் தெரிந்தவராக இருந்தால், அந்தப் பள்ளியில் சுற்றுச்சூழல் கல்வி தொடங்கிவிட்டது என்று பொருள்.